மாப்பிள்ளை அனுப்பிய மரம்

போன வருடம் என் பழைய விளையாட்டு ஒன்றைத் தூசு தட்டிப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் அதை வைத்தே என் வயதைக் கணக்குப் போட்டுவிடுவீர்கள். கணினியில் ஆடுகிற போர்த்தந்திர விளையாட்டு. ஊர் கட்ட வேண்டும், மரம் வெட்ட வேண்டும், தங்கம் தோண்ட வேண்டும், அதையெல்லாம் வைத்துப் படை திரட்டி எதிரியின் ஊரைக் கொளுத்த வேண்டும். வேலைக்குப் போகத் தொடங்கிய வயதில், திருப்பூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் இதை வெறிபிடித்து ஆடியிருக்கிறேன். இப்போது என் தலையில் கறுப்பு முடியைத் தேட வேண்டியிருக்கிறது. அவர்கள் புதுப்பித்தது விளையாட்டை மட்டும்தான்.

வாங்கிக் கொடுத்தவர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன், என் தொழில் கூட்டாளி, அதற்கெல்லாம் முன்பிருந்தே என் நண்பன். இரண்டு வீட்டுக் கணினியிலும் அவரே ஏற்றிவிட்டு, "ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆடலாமுங்களா மாப்ள?" என்று கேட்டார். ஆடலாமுங்க என்றேன்.

அவரிடம் நான் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் பனியன் கம்பெனிக் கூட்டிலிருந்து விலகி மங்கலத்தில் தனியாக ஒரு சின்ன யூனிட் போடப் போகிறேன் என்பதுதான் அது. முடிவு எடுத்துப் பல மாதமாகிவிட்டது. வாயைத் திறந்தால் வார்த்தை தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஆடும்போது சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டேன். முகம் பார்க்காமல் சொல்லலாம் பாருங்கள். அவர் அவிநாசி ரோட்டில் அவர் வீட்டில், நான் மங்கலம் ரோட்டில் என் வீட்டில், இருவர் காதிலும் ஹெட்போன்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. புல்லுக்கெல்லாம் நிழல் விழுகிறது. தண்ணீரில் மேகம் தெரிகிறது. மேய்கிற ஆடு தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறது. யார் கேட்டார்கள் இதை? பழைய ஆட்டத்தில் ஆடு என்றால் வெள்ளையாக நாலு புள்ளி. அதை ஆடு என்று நாங்கள் நம்பினோம், காரியம் நடந்தது. பாட்டையும் விட்டுவைக்கவில்லை. ஒற்றைக் குழலும் மத்தளமுமாக ஓடிக்கொண்டிருந்ததை ஒரு பெரிய வாத்தியக் குழுவை உட்கார வைத்து மறுபடி வாசித்திருக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கிற உணர்வுதான் எனக்கு வருகிறது.

எல்லாவற்றையும்விட நான் தேடியது அந்தப் பழைய முட்டாள்தனத்தைத்தான். அப்போதைய சிப்பாய்களுக்கு வழி தெரியாது. காட்டைச் சுற்றிப் போ என்றால் பாதிப் பேர் ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே கால்வீசி நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களை நாலைந்து பேராகப் பிரித்து, கைப்பிடித்துக் கூட்டிப்போவதுபோலக் கூட்டிப்போக வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன். இப்போது ஒரு தடவை சொன்னால் போதும், வரிசை கலையாமல் அவர்களே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். கோளாறைச் சரிசெய்த அன்றே என் திறமையில் பாதி போய்விட்டது. நான் இப்படிப் புலம்பியதைக் கேட்டுக்கொண்டே துணி மடித்த என் மனைவி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரே அணியாக ஆடிய நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம்.

அந்தக் காலத்தில் நாங்கள் லேசில் தோற்றதில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஊர். திருப்பூரில் ஒரு பனியனை ஒரே ஆள் முழுக்கச் செய்வது அபூர்வம். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம். எல்லாம் ஜாப் ஒர்க். ஒருவர் வேலையை முடித்து அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார். பிறந்ததிலிருந்து அதையே பார்த்து வளர்ந்த நாங்கள் விளையாட்டையும் அப்படியே பிரித்துக்கொண்டோம். மற்ற ஜோடிகள் ஆளுக்கொரு ஊர் கட்டி, ஆளுக்குக் கொஞ்சம் உழுது, ஆளுக்கொரு படை வைத்துக்கொள்வார்கள். நான் ஒரு சிப்பாய்கூடச் செய்ய மாட்டேன். விவசாயம், மரம், கல், தங்கம், அவ்வளவும் என் பொறுப்பு. சந்தை கட்டிவிட்டால் கூட்டாளிக்கு எதை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. நான் அனுப்ப அனுப்ப, அவன் படையாக்கிக்கொண்டே இருப்பான். இன்றைய மச்சான் அப்போது எனக்கு வெறும் 'அவன்'தான்.

சத்தம் காதைப் பிளக்கும். "டேய், மரம் போதும்டா! தங்கம் அனுப்புடா பரதேசி!" என்று அவன் அந்தக் கோடியிலிருந்து கத்துவான். "இருடா, எனக்கென்ன பத்துக் கையா?" என்று நான் இந்தக் கோடியிலிருந்து கத்துவேன். சென்டர்காரர் வந்து, "ஏனுங்க தம்பி, ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்ட போடுங்க" என்பார். அன்றைக்கு ஊரில் எங்களை ஜெயித்தவர்கள் குறைவு.

பிறகு அவன் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நிச்சயத்தன்று தாம்பூலம் மாற்றிய கையோடு டா, போடா எல்லாம் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அதோடு இன்னொன்றும் நின்றது. எங்கள் பக்கத்தில் மாமன் மச்சானுக்குள் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. அவர் வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தால் இலையில் விழுவதெல்லாம் எனக்குத்தான். கையை மறித்துவிட்டால், "ஏனுங்க, நம்ம ஊட்டுச் சோறு புடிக்கலீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். அதேபோல, இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பதும் கிடையாது. கேட்டால் அவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று குறை சொன்னதாகிவிடும். வேண்டாம் என்றும் சொல்லாமல், வேண்டும் என்றும் கேட்காமல், நானும் அவரும் கூட்டுச் சேர்ந்து பனியன் கம்பெனி தொடங்கினோம்.

வேலைப் பிரிவு பழையதுதான். வெளியே அவர், உள்ளே நான். வாங்க வருகிற வெளிநாட்டுப் பையரைப் பார்ப்பது, அவர்களுடைய பயிங் ஆபீஸ் ஏறி இறங்குவது, ஆர்டர் பிடிப்பது எல்லாம் அவர். கட்டிங் மேஜையிலிருந்து பெட்டி ஒட்டி லாரி ஏற்றுவது வரை நான். அவர் சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு வருவார். "மாப்ள, இது ஒண்ணு வந்திருக்குதுங்க. டெலிவரி கொஞ்சம் நெருக்கம். பண்ணிப்போடலாமுங்களா?" என்பார். "பண்ணிப்போடலாமுங்க மச்சான்" என்பேன். ஏற்கெனவே கையில் இருக்கிற வேலைக்கே ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியாது, தாங்கவும் முடியாது. டைலர்களிடம் கெஞ்சி, செக்கிங் பெண்களிடம் கெஞ்சி, ஷிப்மென்ட்டை அனுப்பிவிட்டு வந்து பிரஷர் மாத்திரை போடுவேன். ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்து ஒரு தடவைகூட வேண்டாம் விடுங்க என்று சொன்னதில்லை.

எனக்கு ஆசை வேறு. கைக்குழந்தைகளுக்கான உடுப்பு மட்டும் தைக்க வேண்டும். கொஞ்சம் பீஸ், மெல்லிய துணி, சுத்தமான தையல். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மங்கலத்தில் விசைத்தறியை நிறுத்திவிட்ட ஒருவரின் ஷெட் காலியாக இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல காற்று. தறி ஓடிய தடம் தரையில் இன்னும் இருந்தது. மனைவியிடம் சொன்னபோது அவள் எதிர்ப்புச் சொல்லவில்லை. "போறதுன்னா போங்க. ஆனா எங்கண்ணங்கிட்ட நீங்களே சொல்லோணும். என்னையத் தூது அனுப்பற வேல வேண்டாம்" என்றாள்.

ஞாயிறுகள் ஒவ்வொன்றாகப் போயின. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு ஹெட்போனை மாட்டுவோம். ஆட்டம் மரியாதையாக நடக்கும். "மரம் அனுப்பியிருக்கறனுங்க மச்சான்." "வந்துருச்சுங்க மாப்ள, ரொம்ப நன்றிங்க." எதிரில் எந்த நாட்டுப் பிள்ளைகளோ தெரியாது, முளைத்து மூணு இலை விட்டிருக்காது, எங்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு "நல்ல ஆட்டம்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். விரல் வேகம் போய்விட்டது என்று நான் சொல்வேன். கண்ணும்தானுங்க என்று அவர் சொல்வார். என் செய்தியை மென்று முழுங்கிவிட்டு ஹெட்போனைக் கழற்றுவேன்.

கடைசியில் அது கம்பெனியில் வைத்துத்தான் வெளியே வந்தது. தையல் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. அத்தனை மெஷினும் ஒரே மூச்சில் நின்றன. ஜெனரேட்டர் போடுவதற்குள் இருக்கிற அந்தக் கொஞ்ச நேர அமைதி பொறுக்காமலோ என்னவோ, பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டேன். "மச்சான், நான் மங்கலத்துல தனியா ஒண்ணு போடலாம்னு இருக்கறனுங்க. சின்னதா. இதுலருந்து விலகிக்கலாம்னு."

அவர் கையில் இருந்த பனியனை உள்வெளியாகத் திருப்பித் தையலைப் பார்த்தார். "அப்படீங்களா. சந்தோசமுங்க மாப்ள. நல்லா வருவீங்க. ஷெட்டு பாத்துட்டீங்களா?" என்றார். பார்த்துவிட்டேன் என்றேன். "இங்கிருந்து ரெண்டு ஓவர்லாக் மெஷினு எடுத்துக்கங்க. புது எடத்துல மொதல்லயே எல்லாம் வாங்க முடியாதுங்க" என்றார். அதற்குள் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. அவர் அயர்னிங் பக்கம் போய்விட்டார்.

நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. கோபம் இல்லை, கேள்வி இல்லை, இரண்டு மெஷின் வேறு கிடைத்தது. அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருட நட்பு, இத்தனை வருடக் கூட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி அனுப்பிவிட்டாரே என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினேன்.

"வேற என்ன சொல்லோணும்னு நெனச்சீங்க?" என்று அவள் கேட்டாள்.

"போகாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா இருந்திருப்பீங்களா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு அந்த வார்த்த?"

எனக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு ஊத்துக்குளியில் ஒரு காதுகுத்து இருப்பதாகச் சொல்லி மச்சான் ஆட வரவில்லை. தனியாக உட்கார்ந்திருந்த எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. புது வெளியீட்டில், முடிந்துபோன ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்க்கலாம். ஆடும்போது நம் கண்ணில் படாமல் இருட்டாகக் கிடக்கும் இடங்களைத் திறந்துவிட்டு, யாருடைய பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம். பழைய ஆட்டத்தில் இதெல்லாம் எங்களுக்குக் கிடையாது. முந்தின வாரம் தோற்ற ஆட்டத்தை எடுத்து, அவர் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். எந்த இடத்தில் அவர் சொதப்பினார் என்று கண்டுபிடிக்கத்தான், பொய் சொல்வானேன்.

அவரிடம் மரம் மலையாகக் குவிந்திருந்தது. தங்கம் இல்லவே இல்லை. குதிரைப்படைக்குத் தங்கம் வேண்டும். அது இல்லாமல் லாயம் வெறுமனே நின்றது. கொஞ்சம் ஈட்டிக்காரர்களை வைத்துக்கொண்டு அவர் அங்கேயும் இங்கேயுமாக ஓடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் இன்னும் மரம் அனுப்புகிறேன். கணக்கு ஏறுகிறது. அவர் நன்றி சொன்னது எனக்கு நினைவு வந்தது. அந்த மரத்தை விற்றுத் தங்கமாக மாற்றிக்கொள்ள ஆட்டத்திலேயே வழி உண்டு. அவர் ஊர் நடுவில் சந்தை நிற்கிறது. ஒரு கட்டத்தில் அவர் சந்தையைத் தொடுகிறார். கொஞ்ச நேரம் அதிலேயே நிற்கிறார். விற்காமல் விட்டுவிடுகிறார். மறுபடி ஈட்டிக்காரர்களோடு ஓடுகிறார். நான் இன்னொரு தடவை மரம் அனுப்புகிறேன்.

முதலில் சிரித்துவிட்டேன். இன்னும் இரண்டு ஆட்டத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கதை. ஒன்றில் உணவு குவிந்திருந்தது, இன்னொன்றில் கல். அப்புறம் சிரிப்பு வரவில்லை. ஜெனரேட்டருக்குக் காத்திருந்த அந்த நேரத்தில் அவர் சொன்ன 'சந்தோசமுங்க'வை நான் நம்பியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு வந்தார். ஆட்டம் தொடங்கி, நான் சந்தை கட்டி முடித்ததும் கேட்டேன். "மச்சான், நான் அனுப்பற மரமெல்லாம் உங்களுக்கு வேணுங்களா?"

"இருக்கட்டுமுங்க மாப்ள."

"இருக்கட்டும்னு கேக்கலீங்க. வேணுங்களா, வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க" என்றார். பிறகு, "ரொம்ப நாளாவே வேண்டாமுங்க" என்றார்.

"அப்பறம் வித்துத் தங்கமா மாத்தியிருக்கலாமல்லங்க?"

"மாப்ள குடுத்தத விக்கறதுங்களா?"

கேலியே இல்லாமல், மனசு நொந்து கேட்டார். கணினிக்குள் இருக்கிற மரம் ஐயா அது! ஆடும்போது விற்றால் எனக்குத் தெரியப்போவதுகூட இல்லை. ஆனாலும் என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் விற்றிருக்க மாட்டேன்.

அதற்குள் அவரே கேட்டார். "அப்ப நான் கொண்டாந்த ஆர்டருங்க? அதெல்லாம் உங்களுக்கு வேண்டியிருந்துச்சுங்களா?"

"பாதி வேண்டாமுங்க மச்சான்."

"சொல்லியிருக்கலாமுங்களே."

"நீங்களும் சொல்லியிருக்கலாமுங்களே."

திரையில் என் ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்த மரம் தீர்ந்துபோய்க் கோடாரியோடு நின்றார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லி ஆட்டம் மணியடித்தது. நான் கொடுக்கவில்லை. "இப்பச் சொல்லுங்க மச்சான். உங்களுக்கு என்ன வேணும்? எதா இருந்தாலும் கேளுங்க" என்றேன்.

தங்கம் கேட்பார் என்று நினைத்தேன் என்றால் நம்புவீர்களா? பாதி அப்படித்தான் நினைத்தேன்.

"நீங்க போகக் கூடாதுங்க மாப்ள" என்றார்.

எந்த வார்த்தைக்காக நான் அத்தனை எரிந்தேனோ அதே வார்த்தை. என் வாய் வழக்கப்படி "சரிங்க மச்சான்" என்று சொல்லத் தயாராகிவிட்டதை உணர்ந்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கு இருவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த நெருக்கமான டெலிவரி வரும்வரை.

"முடியாதுங்க மச்சான்" என்றேன்.

அவர் மூச்சை இழுத்தது கேட்டது. மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. இவ்வளவு நாள் பழக்கத்தில் அவர் அழுது நான் அறிந்ததில்லை, அவர் அம்மா இறந்தபோதுகூட வந்தவர்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கித் திரை மங்கியது. உள்ளே வந்த மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"ஏன் முடியாதுன்னு சொல்லுங்க. மறைக்காம சொல்லுங்க" என்றார்.

சொல்லத் தொடங்கினேன். ஒன்றரை ஷிப்ட்டைப் பற்றி, பிரஷர் மாத்திரையைப் பற்றி, அவர் சாம்பிளோடு படியேறும் சத்தம் கேட்டாலே நான் வேறு பக்கம் நழுவப் பார்ப்பதைப் பற்றி. எதிரியின் குதிரைகள் வந்துவிட்டன. முதலில் என் வயல்கள் போயின, பிறகு சந்தை. அவர் பக்கமும் அப்படித்தான் போயிருக்கும். இருவரும் மௌஸைத் தொடவில்லை. இரண்டு ஊரும் எரிந்து முடிந்து, தோற்றுவிட்டீர்கள் என்ற எழுத்து திரையில் வந்து நின்றது. ஹெட்போனை அவரும் கழற்றவில்லை, நானும் கழற்றவில்லை.

"பயிங் ஆபீஸ்ல நீங்க வெச்சதுதான் சட்டமாட்டம், என்னையக் கேக்காமயே டெலிவரித் தேதி குடுத்துட்டு வந்தீங்க" என்று நான் சொன்னபோது அவர் குறுக்கே வந்தார்.

"இல்லீங்க மாப்ள. இது எனக்குப் புடிக்கலீங்க. நான் ஒவ்வொரு வாட்டியும் உங்களக் கேட்டனுங்க" என்றார். குரல் உயர்ந்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க மச்சான்" என்றேன்.